மாட்டின் மடிநோயை முன்னதாகவே கண்டுபிடிப்பது: பர்மாவில் கறவை வைத்திருப்போர் கேட்கும் கேள்விகள்

ரங்கூன் ஓரங்களிலும் பெகு, மோல்மீன் பக்கங்களிலும் இரண்டு மாடு, ஐந்து மாடு வைத்து டீக்கடைக்கும் வீடுகளுக்கும் பால் ஊற்றுகிற குடும்பங்களுக்கு இந்தப் பக்கம். லேப் இல்லாமல், வீட்டில் இருக்கும் சாமானை வைத்தே செய்யக்கூடிய சோதனைகளுக்கு இதில் முதலிடம் கொடுத்திருக்கிறோம்.

மடி வீங்கவில்லை, பாலும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. பிறகு எப்படி மடிநோய் என்கிறீர்கள்?

மடிநோய் இரண்டு விதம். வீக்கம், சூடு, வலி, திரிந்த பால் என்று வெளியே தெரிவது ஒன்று. இன்னொன்று உள்ளுக்குள்ளேயே இருக்கும். மாடு நன்றாகத் தின்னும், அசைபோடும், பாலும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு காம்புக்குள் கிருமி குடியேறியிருக்கும், கறவை நாளுக்கு நாள் கொஞ்சமாகக் குறையும். சிறு பண்ணைகளில் அதிகம் இருப்பது இந்த இரண்டாவது விதம்தான். அரை வீசை குறைந்ததும் தவிட்டைக் கூட்டுகிறோம், திருஷ்டி கழிக்கிறோம். அதற்குள் நோய் மடித்தசைக்குள் வேர் விட்டுவிடும். தழும்பு விழுந்த மடித்தசை மறுபடி அதே அளவு சுரக்காது.

கிருமி நுழைந்ததும் அதை எதிர்க்க ரத்தத்தின் வெள்ளையணுக்கள் மடிக்குள் திரண்டு வருகின்றன. நோயில்லாத காம்பின் பாலில் ஒரு மில்லிக்கு இத்தகைய அணுக்கள் 2 லட்சத்துக்குக் கீழே இருக்கும். நோய் கண்ட காம்பில் பல லட்சம், முற்றினால் 50 லட்சத்துக்கும் மேல். கீழே வரும் சோதனைகளில் முக்கியமானவை இந்த அணுக்களைப் பிடிப்பவை.

தினமும் கறக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

முதல் மூன்று நான்கு பீய்ச்சலை. டம்ளர் வாயில் கறுப்புத் துணியை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு காம்பிலிருந்தும் அதன் மேல் பீய்ச்சுங்கள். பால் துணிக்குள் இறங்கிவிடும். திப்பி, நூல் போன்ற திரி, சின்னக் கட்டி இருந்தால் கறுப்பின் மேல் வெள்ளையாகத் தங்கும். கறுப்புப் பிளாஸ்டிக் தட்டும் போதும். பால் தண்ணீராக இருக்கிறதா, மஞ்சள் தட்டுகிறதா, ரத்தச் சாயல் உண்டா என்றும் பாருங்கள். ஒரு காம்பைப் பார்த்ததும் துணியை அலசிவிட்டு அடுத்ததற்குப் போங்கள், இல்லாவிட்டால் எந்தக் காம்பின் திப்பி என்று தெரியாது.

தரையில் பீய்ச்சிப் பார்ப்பதும் உள்ளங்கையில் வாங்கிப் பார்ப்பதும் நம்மிடம் ஊறிப்போன பழக்கம். இரண்டையும் விட்டுவிடுங்கள். கையில் வாங்கிய பால் அடுத்த காம்புக்கும் அடுத்த மாட்டுக்கும் போகிறது. தரையில் விழுந்த பால், மாடு படுக்கிற இடத்தில் கிருமிக்குத் தீனி ஆகிறது.

கன்றை விட்டுச் சுரக்க வைக்கிற வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. கன்று முட்டி ஊட்டியதும் முதல் பால் அதன் வயிற்றுக்குப் போய்விடும், பார்க்க வேண்டியது அந்தப் பாலைத்தான். ஆகவே முதல் பீய்ச்சலைப் பார்த்துவிட்டுக் கன்றை அவிழ்த்து விடுங்கள்.

மடியைத் தொட்டுப் பார்த்தால் தெரியுமா?

ஓரளவு. கறந்து முடித்த பிறகு தொடுங்கள். பால் நிறைந்த மடி எல்லாமே கெட்டியாகத்தான் இருக்கும். வற்றக் கறந்த மடி துணிப்பை போலத் தொங்க வேண்டும். புறங்கையை வைத்து நான்கு பகுதிகளின் சூட்டையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கெட்டியாகவோ, உள்ளே உருண்டை தட்டுவதாகவோ, மற்றவற்றைவிடச் சிறுத்தோ இருந்தால் அந்தக் காம்பைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறுத்துக் கல்லாகிப் போன பகுதி பழைய நோயின் அடையாளம்.

காய்ச்சும்போது பால் திரிந்துவிட்டது என்று டீக்கடைக்காரர் திட்டுகிறார். இது மடிநோயா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சித்திரை வெயிலில் ஐஸ் இல்லாமல் மூன்று நான்கு மணி நேரம் கிடந்த பால் புளித்துப்போய்த் திரியும். அது பாத்திரச் சுத்தமும் சூடும் செய்த வேலை. ஈன்று நாலைந்து நாளே ஆன மாட்டின் சீம்பால் கலந்திருந்தாலும் திரியும். மடிநோய்ப் பாலும் திரியும்.

பிரித்தறிய எளிய வழி: கறந்த உடனே, ஒவ்வொரு காம்பின் பாலிலும் ஒரு கரண்டி எடுத்துத் தனித்தனியாகக் காய்ச்சுங்கள். நான்கும் திரியாமல் பொங்கினால் தவறு கறந்த பிறகு நடந்தது. ஒன்று மட்டும் திரிந்தால் சந்தேகம் அந்தக் காம்பின் மேல். காய்ச்சி ஆறவைத்த பாலில் உப்புக் கரிப்பு இருந்தாலும் அதே சந்தேகம்தான்: வீங்கிய மடியில் ரத்தத்தின் உப்பு பாலுக்குள் கசிகிறது, பாலின் சர்க்கரை குறைகிறது. பச்சைப் பாலை மட்டும் நாக்கில் வைக்க வேண்டாம். மாட்டின் காசமும் கன்றுவீச்சுக் காய்ச்சலும் பச்சைப் பால் வழியே மனிதருக்கு வரும்.

துணி சோப்புத் தூளை வைத்துச் சோதிக்கலாம் என்கிறார்களே, எப்படி?

செய்யலாம், எல்லோரும் செய்ய வேண்டும் என்போம். தூள், தண்ணீர், நாலு கிண்ணம் போதும்.

துணி துவைக்கும் டிடர்ஜென்ட் தூள் 3 சதவீதம் இருக்கும்படி கரைக்க வேண்டும். அரை லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம். நம் எடைக்கணக்கில் இது சுலபம்: ஒரு வீசை 1.63 கிலோ, அதில் நூறில் ஒரு பங்கான ஒரு சாட்தா 16 கிராம் சொச்சம். ஆக, அரை லிட்டருக்கு ஒரு சாட்தா தூள். தராசு இல்லையென்றால் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் ஏறக்குறைய சரிவரும். நுரை எழும்பக் குலுக்காமல் மெதுவாகக் கலக்கித் தெளியவிட்டு, பாட்டிலில் அடைத்து வையுங்கள். பார் சோப்பைச் சீவிப் போடுவது உதவாது. அது வேறு பொருள்.

அடி வெளுத்த, ஒரே அளவான நாலு கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பீய்ச்சல்களைத் துணியில் பார்த்து ஒதுக்கிய பின், ஒரு காம்புக்கு ஒரு கிண்ணமாக ஒரு மேசைக்கரண்டி அளவு கறந்துகொள்ளுங்கள். எந்தக் கிண்ணம் எந்தக் காம்பு என்பது குழம்பக் கூடாது. ஒரு பலகையில் நாலு கிண்ணத்தையும் மாட்டின் மடி இருக்கிற மாதிரியே, முன்னே இரண்டு பின்னே இரண்டு என்று வைத்துவிட்டால் குழப்பமே வராது. ஒவ்வொன்றிலும் பால் அளவுக்கே சோப்புக் கரைசலை ஊற்றிக் கிண்ணத்தை வட்டமாகச் சுழற்றுங்கள். ஒரு நிமிடத்துக்குள் விடை தெரிந்துவிடும்.

நல்ல பால் தண்ணீராகவே சுழலும். நோய்ப்பாலில் முதலில் அடியில் மெல்லிய சளிக்கோடு தெரியும். நோய் கூடக்கூட அது கஞ்சி போலக் கெட்டியாகும். முற்றியிருந்தால் முட்டையின் வெள்ளைக்கரு போல ஒன்றுதிரண்டு, கிண்ணத்தைச் சாய்த்தால் மொத்தமாக வழுக்கி வரும். வெள்ளையணுக்களின் சவ்வை டிடர்ஜென்ட் உடைக்கிறது, உள்ளே இருக்கும் மரபுப்பொருள் வெளிவந்து சிக்கிக்கொள்கிறது, அதுதான் அந்தச் சளி. அணு எத்தனை அதிகமோ சளி அத்தனை கெட்டி.

பிழை வரும் இடங்கள்: கரைசலும் பாலும் சம அளவில் இல்லாதது, வெகுநேரம் சுழற்றிய பிறகு பார்ப்பது (லேசான சளி மறுபடி இளகி மறைந்துவிடும்), தெளிவாகச் சுழலும் பாலில் மிதக்கும் நுரையைச் சளி என்று நினைப்பது. புதுத் தூள் வாங்கினால், நோயில்லை என்று முன்பே தெரிந்த காம்பின் பாலில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சோதித்த பாலைக் குடிக்கவோ கன்றுக்கு ஊற்றவோ கூடாது.

கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை என்பது வேறா?

அடிப்படை ஒன்றேதான். நாலு குழி உள்ள வெள்ளைத் தட்டும் நிறம் காட்டும் மருந்தும் கடையில் கிடைக்கும். ஒவ்வொரு குழியிலும் 2 அல்லது 3 மில்லி பால், அதே அளவு மருந்து, 10 விநாடி சுழற்றல், 20 விநாடிக்குள் முடிவு. தெளிவாக இருந்தால் நோயில்லை. சுழற்றினால் மறையும் லேசான தடிப்பு சந்தேகம். தடிப்பு மறையாவிட்டால் ஒன்று, சளியாகி நடுவே கூடினால் இரண்டு, திரண்டு மேடு கட்டி நின்றால் மூன்று என்று எழுதுங்கள். நிறம் கருநாவல் பக்கம் போனால் பாலின் காரத்தன்மை கூடியிருக்கிறது என்று பொருள். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம், தடிப்பே சாட்சி. கைக்குக் காசு வசதி இருந்தால் இதை வாங்குங்கள். இல்லையென்றால் சோப்புத் தூளை மாதம் இரண்டு முறை தவறாமல் செய்கிறவர்களே ஜெயிப்பார்கள்.

எப்போதெல்லாம் இந்தச் சோதனை ஏமாற்றும்?

ஈன்ற முதல் வாரம் நான்கு காம்பிலும் தடிப்புக் காட்டும். சீம்பாலில் அணுக்கள் இயல்பாகவே அதிகம். வற்றப்போகிற மாட்டில், கறவை ஒரு வீசைக்கும் கீழே போன பிறகு, மறுபடி நான்கிலும் லேசான தடிப்பு வரும். இரண்டு சமயத்திலும் நான்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: நான்கும் ஒரே மாதிரி என்றால் பொறுக்கலாம், ஒன்று தனித்துத் தடித்தால் அது நோய்.

எல்லா மாட்டுப் பாலையும் ஒரே கேனில் ஊற்றி அதில் சோதிப்பது வீண். ஒரு காம்பின் நோய் இருபது காம்புப் பாலில் கரைந்து காணாமல் போகும்.

மின்சார மீட்டர், நிறத்தாள் இவையெல்லாம் வாங்கலாமா?

மீட்டர் பாலில் உப்பு கூடியிருப்பதை அளக்கிறது. நல்ல பாலில் சுமார் 4 முதல் 5.5 மில்லிசீமென்ஸ் காட்டும். ஆனால் மாட்டுக்கு மாடு, தீனிக்குத் தீனி மாறுவதால் தனி எண்ணை நம்பாமல் ஒரே மாட்டின் நான்கு காம்புகளை ஒப்பிட வேண்டும். நிறத்தாள் காரத்தைக் காட்டும்: நல்ல பாலின் பிஎச் 6.5 முதல் 6.7 வரை, நோய்ப்பாலில் 7 பக்கம் போகும். ஆரம்ப நோயை இரண்டுமே தவறவிடுவதுண்டு. சோப்புத் தூளுக்குப் பிறகு பணம் மிஞ்சினால் பார்க்கலாம்.

ஒரு காம்பில் தடிப்பு வந்துவிட்டது. உடனே ஊசியா?

மாடு நன்றாக இருந்தால் அவசரம் வேண்டாம். மூன்று நாள் கழித்து மறுபடி சோதியுங்கள். சில சமயம் உடம்பே கிருமியை விரட்டிவிடும். அதற்குள் கறவை வரிசையை மாற்றுங்கள்: தலை ஈற்று மாடுகள் முதலில், நோயில்லாதவை அடுத்து, தடிப்புக் காட்டிய மாடு கடைசி. அந்த மாட்டிலும் நோய்க்காம்பு கடைசி, அந்தப் பால் தனிப் பாத்திரத்தில். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுத்த மாட்டைத் தொடக் கூடாது. ஒரே துணியால் எல்லா மடியையும் துடைப்பது நோயைப் பரிமாறுவதற்குச் சமம்.

மறுபடியும் தடித்தால் டவுன்ஷிப் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். எந்தக் கிருமி என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே பென்சிலினுக்கு நன்றாக மடங்கும். ஸ்டபைலோகாக்கஸ் ஆரியஸ் மடித்தசைக்குள் சுவர் கட்டி ஒளிந்துகொள்ளும். கறவையில் இருக்கும்போது கொடுக்கும் மருந்துக்குப் பெரும்பாலும் மசியாது.

லேபுக்குப் பால் மாதிரி எப்படி எடுப்பது?

மருந்து போடுவதற்கு முன் எடுக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. கையைக் கழுவுங்கள். காம்பை உலரத் துடைத்து முதல் பாலை ஒதுக்குங்கள். 70 சதவீத ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் காம்பு நுனியைத் தேயுங்கள், பஞ்சு அழுக்கில்லாமல் வரும்வரை. துடைக்கும்போது எட்டத்துக் காம்பு முதலில், கிட்டத்துக் காம்பு பிறகு. கறக்கும்போது கிட்டத்தது முதலில். கை நீட்டும்போது துடைத்த காம்பில் உரசாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கொதிநீரில் சுத்தம் செய்த குழாயைச் சாய்த்துப் பிடித்து 5 முதல் 10 மில்லி வாங்கி, மாட்டின் பெயர், காம்பு, தேதி எழுதி ஐஸில் வைத்து ஒரு நாளுக்குள் சேர்த்துவிடுங்கள். வெளியில் கிடந்த பாலில் சாணிக் கிருமிகள் பெருகி லேபை ஏமாற்றும்.

எந்த நிலையில் ராத்திரியானாலும் டாக்டரைக் கூப்பிட வேண்டும்?

பால் மோர்த்தெளிவு போல மஞ்சள் தண்ணீராகி, மாடு தீனியை விட்டு, காது சில்லிட்டு, நடுங்கினால். எழ முடியாமல் படுத்தால். மடியின் ஒரு பகுதி நீலம் பாய்ந்து குளிர்ந்துபோனால். மாட்டின் இயல்பான உடல் சூடு 38.5 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். ஆசனவாயில் தெர்மாமீட்டரை ஒரு நிமிடம் வைத்து 39.5-க்கு மேல் வந்தால் காய்ச்சல். முற்றிய நிலையில் சூடு இயல்புக்கும் கீழே இறங்கும், அது இன்னும் மோசம். சாணிக் கிருமியின் நஞ்சு ரத்தத்தில் கலந்தால் ஒரே நாளில் மாடு போய்விடும். டாக்டர் வரும்வரை இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை அந்தக் காம்பை வற்றக் கறங்கள், தண்ணீர் காட்டிக்கொண்டே இருங்கள்.

கடையில் டியூப் வாங்கி நானே ஏற்றலாமா?

எந்த மருந்து என்பதை டாக்டர் சொல்லட்டும். ஏற்றுவதை அவரிடம் கற்றுக்கொண்டு செய்யலாம். வற்றக் கறந்து, காம்பு நுனியை ஸ்பிரிட்டால் துடைத்து, டியூப் மூக்கை 3, 4 மில்லிமீட்டர் மட்டும் நுழையுங்கள். முழுக்கத் திணித்தால் காம்புத் துவாரத்தின் காவல் மெழுகு உரிந்து, நுனியில் இருந்த கிருமியும் உள்ளே போகும். ஒரு டியூப் ஒரு காம்புக்கு. பாதியை நாளைக்கு எடுத்துவைப்பது கூடாது. அடைத்த காம்பில் ஈர்க்கு, கம்பி, கோழி இறகு எதையும் விடாதீர்கள். அந்தக் காம்பு அதோடு போகும்.

இரண்டு நாளில் பால் வெள்ளையானதும் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். சொன்ன நாள் முழுக்கப் போடுங்கள். கடைசி டியூப்புக்குப் பிறகு அட்டையில் எழுதிய நாள்கணக்கு முடியும்வரை பாலை விற்கக் கூடாது. மருந்து ரத்தத்தில் கலந்து மற்றக் காம்புகளிலும் இறங்கும். ஆகவே நான்கு காம்புப் பாலும் ஒதுக்க வேண்டியதே. காய்ச்சினாலும் மருந்து முழுதாகப் போகாது. உங்கள் பாலில் தயிர் உறையவில்லை என்று ஒரு வீட்டில் சொன்னால் முதலில் இதை யோசியுங்கள். குழந்தைக்கு வாங்கிப் போகிற பால் அது.

கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்புப் பற்று பலன் தருமா?

தமிழ்நாட்டில் பரவலாகச் செய்யும் முறை: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, ஒரு கைப்பிடியை நீரில் கரைத்து, கழுவிக் கறந்த மடி முழுக்கத் தடவுவது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள். வெற்றிலைக்கடைச் சுண்ணாம்பே போதும், ஆனால் அளவு மீறினால் தோல் வெந்துவிடும். லேசான வீக்கத்துக்கு இதைச் செய்வதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. காய்ச்சல் இருந்தால் இதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஆறாம் நாள் சோப்புத் தூள் சோதனை செய்து தடிப்பு போய்விட்டதா என்று பாருங்கள். வீக்கம் வடிந்தும் தடிப்பு நின்றால் கிருமி உள்ளேதான் இருக்கிறது.

மழைக்காலத்தில் ஏன் அதிகம் வருகிறது?

மே நடுவிலிருந்து அக்டோபர் வரை கீழ்ப்பர்மாவில் கொட்டகை காய்வதே இல்லை. கறந்து முடிந்ததும் காம்புத் துவாரம் மூட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் மாடு சேற்றிலும் சாணியிலும் படுத்தால் கிருமிக்குக் கதவு திறந்தே கிடக்கிறது. கறந்த கையோடு வைக்கோலும் தீவனமும் போட்டு ஒரு மணி நேரம் நிற்க வையுங்கள். செலவில்லாத மருந்து இது.

ஈரமான உமியும் மரத்தூளும் கிருமிக்குப் பாய் விரித்ததுபோல. ஆற்று மணல் நல்லது. உமிதான் கிடைக்கும் என்றால் மாட்டின் பின்பக்கம் படும் இடத்தில் தினமும் அள்ளி மாற்றுங்கள். கறக்குமுன் மாட்டையே குளிப்பாட்டாதீர்கள், அழுக்குத் தண்ணீர் காம்பு வழியே பாலில் சொட்டும். காம்பை மட்டும் கழுவி, அந்த மாட்டுக்கென்று வைத்த துணியால் ஒற்றி உலர்த்துங்கள். பெருவிரலை மடக்கி இழுத்துக் கறந்தால் காம்பின் உள்தோல் கிழியும். முழுக்கையால் பிடித்து அழுத்திக் கறக்க வேண்டும்.

கறந்ததும் காம்பை அயோடினில் முக்குங்கள். 10 சதவீதப் பொவிடோன் அயோடின் 500 மில்லி, ஆறிய வெந்நீர் 400, கிளிசரின் 100. சின்னக் குவளையில் ஊற்றி ஒவ்வொரு காம்பையும் முக்கால் நீளத்துக்கு முக்கி எடுங்கள். குவளையில் சாணி விழுந்தால் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். மிஞ்சியதைப் பாட்டிலுக்குள் திருப்பி ஊற்றக் கூடாது.

மாடு வாங்கும்போது எதைப் பார்ப்பது?

மடி பெருத்துத் தெரிய வேண்டும் என்று ஒரு வேளை கறக்காமல் நிறுத்தி ஓட்டி வருவார்கள். முழுக் கறவையை உங்கள் கண்முன் கறக்கச் சொல்லுங்கள். வற்றிய மடியைத் தொட்டுப் பாருங்கள், சோப்புக் கரைசல் பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள். வாங்கிய மாட்டை வீட்டிலும் ஒரு வாரம் கடைசியாகக் கறந்து மறுபடி சோதியுங்கள்.

வற்றவிடும் மாட்டுக்கு என்ன செய்ய வேண்டும்?

ஈனுவதற்கு 60 நாள் முன்பு கறவையை நிறுத்துங்கள். நிறுத்துகிற அன்று நான்கு காம்பையும் சோதியுங்கள். நோய் கண்ட மாட்டுக்கு வற்றுகாலத்துக்கென்றே வரும் டியூப்பை டாக்டர் சொல்படி ஏற்றலாம். ஒளிந்திருக்கும் கிருமியைப் பிடிக்க இதுவே நல்ல சமயம். வற்றிய முதல் இரண்டு வாரமும் ஈனுவதற்கு முந்தைய இரண்டு வாரமும் புதுநோய் தொற்ற வாய்ப்பு அதிகம், தினமும் மடியைப் பாருங்கள்.

ஒரே காம்பில் திரும்பத் திரும்ப வருகிறது. மாட்டை விற்றுவிட வேண்டுமா?

முதலில் எழுத்தில் வையுங்கள். ஒரு நோட்டில் மாட்டுக்கு ஒரு பக்கம். முன் இடம், முன் வலம், பின் இடம், பின் வலம் என்று நாலு கட்டம், தேதி, தடிப்பு எண், போட்ட மருந்து. இடம் வலம் என்பது மாட்டின் இடம் வலம், எதிரே நிற்கிற உங்களுடையது அல்ல. ஒரே ஈற்றில் ஒரே காம்பு மூன்று தடவை விழுந்தால் மேலும் மருந்துக்குச் செலவு செய்வது பெரும்பாலும் நஷ்டம். வளர்த்த மாட்டைக் கறிக்கு ஓட்டிவிட நம் வீடுகளில் மனசு வராது, அதைத் தவறு என்று சொல்ல மாட்டோம். அப்படியென்றால் அந்த ஒரு காம்பை மட்டும் கறக்காமல் நிரந்தரமாக வற்றவிட டாக்டரிடம் கேளுங்கள். மற்ற மூன்று காம்பில் கறவை ஓடும். அந்த மாட்டைக் கடைசியாகக் கறந்து, கொட்டகையின் ஓரத்தில் கட்டுங்கள். அதன் கன்றை மற்ற மாட்டு மடியில் ஊட்ட விடாதீர்கள்.